கண்டி பஸ்ஸில் பால் வாசனை

"ஒரே வண்டியும் ஒரே பணியாளரும் ஒரு நாளில் ஓடி முடிக்கும் எல்லா ஓட்டங்களும், இலாப நட்டம் பார்க்கையில், ஒரே சேவையாகவே கொள்ளப்படும்."

எங்கள் பஸ் சபையின் செயல்முறைக் கையேடு, ஒன்பதாம் அத்தியாயம், ஏழாம் பந்தி. எழுதியவர் யாரென்று தெரியாது. கையேடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் போகாதவர்கள். இந்தப் பந்தியை எழுதியவர் மட்டும் எங்கேயோ ஒரு மலைப்பாதையில், மழையில், பஸ்ஸுக்காக நின்றிருக்க வேண்டும்.

நான் சொல்லப் போகும் விஷயத்தில் பின்பற்றியிருக்க வேண்டிய விதி இதுதான். பின்பற்றப்படவில்லை.

டிப்போவின் மேலதிக நேரப் படிவங்களைப் பற்றிச் சென்ற வாரம் இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதை வாசித்த உக்குவளை வாசகர் ஒருவர், "படிவங்களை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, மனிதர்கள் என்னிடம் வந்ததே படிவங்களுக்காகத்தான்.

மேசைமேல் ஒரு கேன்

தனியார் பஸ்கள் ஓடலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்தளை டிப்போவில் நான் பிரதம எழுதுவினைஞன். மக்கள் பாஷையில் பெரிய கிளாக்கர்.

ஒரு காலை எட்டரை மணியிருக்கும். தேநீர் இன்னும் வரவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அறைக்குள் வந்தார். தலையில் சீலைத் துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, கையில் அலுமினியப் பால் கேன். கேனைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். என் மேசைமேல் வைத்தார். வெறும் கேன்தான். ஆனாலும் அடியில் ஈரம் இருந்தது. திறந்து கிடந்த கையேட்டின் பக்கத்தில் வெள்ளை வட்டம் ஒன்று விழுந்தது.

"கும்புடுறேங்க ஐயா. எங்க பஸ்ஸ நிப்பாட்டப் போறீங்களாமே?"

"எந்த பஸ்?"

"பல்லேகம பஸ்ஸுதாங்க. ஒண்ணாந் தேதியிலருந்து வராதுன்னு நிமல் கண்டக்டர் சொன்னாரு. அந்தாளு வெளையாட்டுக்கும் பொய் சொல்வாரு. அதான் நேர்ல கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

நிமல் சொன்னது இந்த முறை உண்மை. தலைமையகத்தின் கட்டளை முந்தின நாள்தான் வந்திருந்தது. அது அந்தக் கேனுக்குக் கீழேயே கிடந்தது.

அவர் பெயர் செபஸ்தியம்மா. இறத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அவருடைய லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஏழு வீடுகளில் மாடு இருந்தது. ஏழு வீட்டுப் பாலையும் காலையில் வாங்கி, பல்லேகமவிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸில் ஏற்றி, இறத்தோட்டைப் பால் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுவது அவர் வேலை. புருஷனுக்கு நெஞ்சில் வருத்தம். மலை ஏற முடியாது. தோட்டத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள். வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கேனால்தான்.

"வேற பஸ் இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்று எனக்குத் தெரியும். நேர அட்டவணையைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

"வேன் ஒண்ணு எப்பவாச்சும் வரும். கேனப் பாத்தா கையக் கையக் காட்டிட்டு நிக்காமப் போயிருவான். பத்து மணிக்கு மேல பால் நிக்காதுங்க ஐயா, திரிஞ்சுரும். பஸ் இல்லைன்னா மாட்ட விக்கணும். மாட்டையும் வித்துட்டா, அப்புறம் நாங்க என்னத்த வச்சுத் திங்கிறது?"

பதினான்காம் இலக்கம்

கேனை மேசைமேலேயே விட்டுவிட்டு, அந்த பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டிப்போவில் அதற்குப் பல்லேகம பஸ் என்று பெயர் கிடையாது. பதினான்காம் இலக்கக் கடமை. விடியுமுன் பல்லேகமவிலிருந்து புறப்படும். மிளகாய் மூட்டை, வெற்றிலைக் கட்டு, அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மனுக் கொண்டு வரும் விவசாயிகள். ரிவர்ஸ்டன் கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கிருந்து தோட்டங்கள் வழியே இறங்கி, எட்டு மணிக்கு மாத்தளை வந்து சேரும்.

வந்ததும் ஓய்வு கிடையாது. அதே வண்டி, அதே சாரதி, அதே நிமல். கண்டிக்கு ஒருதடவை போய் வருவார்கள், மத்தியானம் இன்னொருதடவை. கண்டிப் பாதையில் சனம் ஃபுட்போர்ட்டில் தொங்கும். மூன்று மணிக்குத் திரும்பவும் மலை.

கண்டிக்காரர் கொடுத்த காசில்தான் பல்லேகமக்காரர் பயணம் செய்தார். இருவருக்கும் அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சாரதிக்கும் கண்டக்டருக்கும் மட்டும் தெரியும். ஏனென்றால் அன்றன்று விற்ற டிக்கட்டைப் பொறுத்துத்தான் அவர்களுக்குப் படி. கண்டி இல்லாமல் மலைக்கு மட்டும் போ என்றால் எந்தக் கண்டக்டருக்கும் உடனே காய்ச்சல் வந்துவிடும். அதனால் நல்ல பாதை ஒன்று, கெட்ட பாதை ஒன்று என்று சேர்த்துக் கட்டுவது எங்கள் டிப்போவில் நான் சேர்வதற்கு முன்பிருந்தே வழக்கம்.

அம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு ஓடும் விசேட பஸ்கள்கூட இந்தக் கணக்கில்தான். தேர் பார்க்க வந்த கூட்டம் கொடுத்துவிட்டுப் போனதில், ஆனி ஆடி மழையில் காலியாக ஏறி இறங்கும் மலை பஸ்கள் பிழைத்துக்கொள்ளும். அம்மன் பல்லேகமவுக்கும் படியளந்தாள் என்று சொல்லலாம். கையேட்டில் அதற்குப் பந்தி இல்லை.

கருவாடும் சீனியும்

இதற்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு: குறுக்கு மானியம். ஒருவனிடம் செலவுக்கு மேலே வாங்கி, இன்னொருவனுக்குச் செலவுக்குக் கீழே கொடுப்பது.

அந்த நாட்களில் நாடே அப்படித்தான் ஓடியது. பெற்றோலுக்கு விலையை ஏற்றி வைத்து, மண்ணெண்ணெயைக் குறைத்துக் கொடுத்தார்கள். கார் வைத்திருப்பவர் குப்பிவிளக்குக்காரருக்குக் கொடுக்கட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் மலிந்த மண்ணெண்ணெயைப் பெற்றோலில் கலந்து வண்டி ஓட்டும் புத்தியும் நம்மவர்களுக்கு உடனே வந்தது. அலுவிகாரைப் பக்கம் போகும் சில வண்டிகளின் பின்னால் சைக்கிளில் போனால் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் குசினிக்குள் நிற்பது போலிருக்கும்.

அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது தபால் மூலம் படித்த வெளிவாரிப் பட்டப் படிப்பில். விஷயத்தைத் தெரிந்துகொண்டது ஹனிபா நானாவின் கடையில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. எல்லாக் கடையையும்விட அவரிடம் சீனி மலிவு. ஒருநாள் கேட்டேன்.

"எப்படி நானா கட்டுப்படியாகுது?"

"சீனில நான் ஒண்டும் வெக்கிற இல்ல தம்பி. அது ஆளுகளக் கூட்டிக்கொண்டு வாற சாமான். கருவாட்டுல வெப்பன். சீனி வாங்க வாற மனிசன் கருவாடு வாங்காமப் போமாட்டான்."

"கருவாடு மட்டும் வாங்குறவன் பாவம் இல்லையா?"

"அவன் ஏன் பாவம்? அவன்ட பொஞ்சாதி சீனிக்கு வருவா."

இப்படிச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஆனா தம்பி, எதிர்ல ஒருத்தன் வெறும் கருவாட்டுக் கடை மட்டும் போட்டான் எண்டு வெச்சிக்கோங்க. என்ட சீனிக் கத முடிஞ்சிரும்."

தனியார் பஸ்கள் செய்தது அதைத்தான். கண்டிப் பாதைக்கு மட்டும் வந்தார்கள். எங்கள் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னால், பாட்டுப் போட்டுக்கொண்டு, "நுவர, நுவர, நுவர" என்று கண்டியின் சிங்களப் பெயரைக் கூவிக்கொண்டு நின்றார்கள். பல்லேகமவுக்கு யாரும் கூவவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் கருவாட்டுக் கடை.

நான் செய்த காரியம்

இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நட்டத்தில் ஓடும் பாதைகளின் விபரம் அனுப்புக. மற்ற டிப்போக்கள் எல்லாம் ஏழாம் பந்தியைக் காட்டி, எங்கள் கடமைகள் ஒவ்வொன்றும் ஒரே சேவை, எதுவும் தனியாக நட்டத்தில் இல்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பின. ஏழாம் பந்தி எனக்கும் மனப்பாடம். ஆனால் எனக்குப் பட்டம் கிடைத்து அப்போது ஆறு மாதம்.

கடமைகளைப் பிரித்தேன். கண்டி ஒரு வரிசை, பல்லேகம ஒரு வரிசை. சிவப்பு மையால் கோடு போட்டேன். போதாததற்கு, குறுக்கு மானியம் என்றால் என்னவென்று இரண்டு பக்கக் குறிப்பும் இணைத்தேன். இந்த ஏற்பாடு எவ்வளவு அழகாக இயங்குகிறது என்று மேலிடம் வியக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கேட்கப்படாத கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் எழுதுகிற கிளாக்கரைவிட ஒரு டிப்போவுக்கு ஆபத்தான ஆள் வேறு கிடையாது.

மேலிடம் வியந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் தலைமையகத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதில் வந்தது அந்த ஒரு தடவைதான். "தங்கள் தெளிவான அறிக்கைக்கு நன்றி. பல்லேகம சேவை வரும் முதலாம் திகதி முதல் நிறுத்தப்பட வேண்டும்."

மேசைமேல் கேனை வைத்துக்கொண்டு செபஸ்தியம்மா கேட்டார்: "இத யாரு ஐயா எழுதி அனுப்புனது? எங்க பஸ்ஸுல மட்டும் நட்டம்னு?"

"அது ஒரு நடைமுறைம்மா," என்றேன்.

"ஓகோ," என்றார். அன்றும் என் விரலில் சிவப்பு மை இருந்தது.

"மனு ஒன்று எழுதித் தாருங்கள், அனுப்பி வைக்கிறேன்," என்றும் சொன்னேன். மனு எங்கே போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மாத்தளை மாவட்டத்தில் குறைவு.

அவர் கேனை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "ஐயா நம்ம பஸ்ஸுல ஒரு நாளாச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

வந்ததில்லை. பதினாலு வருடமாகப் பல்லேகம என்று தட்டச்சு செய்தவன், பல்லேகம எந்தத் திசை என்று பார்த்ததில்லை.

பாதை ஆய்வு

அதற்கு ஒரு படிவம் உண்டு. 'பாதை ஆய்வுப் பயணம்'. நானே நிரப்பி, டிப்போ அத்தியட்சகரிடம் கையெழுத்து வாங்கி, அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு பஸ்ஸில் ஏறினேன். இரவு பல்லேகமவில் பணியாளர் அறையில் படுத்தேன். விடிய முன் நிமல் தட்டி எழுப்பினான்.

பல்லேகமவில் வெயிலின் மிச்சம் தரையில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ரிவர்ஸ்டனில் பற்கள் அடித்துக்கொண்டன. ஒரே பஸ்ஸில், ஒரே டிக்கட்டில் இரண்டு நாடு. யன்னல் கண்ணாடிகள் காற்றில் கிடுகிடுத்தன. மிளகாய் மூட்டைக்காரர் ஒருவர் தன் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார். நிமல் எனக்கு டிக்கட் கொடுக்க வந்தான். ஆய்வு அதிகாரிக்கு டிக்கட் இல்லை என்றேன். "அப்ப நட்டத்துக்கு நீங்களும் ஒரு காரணம், சேர்," என்றான்.

தோட்டத்து வளைவில் பஸ் நின்றது. மூடுபனிக்குள் செபஸ்தியம்மாவும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"வந்துட்டாருடி, டிப்போ தொர."

சாரதி இன்ஜினை நிறுத்தவில்லை, ஆனால் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். இது தினமும் நடக்கும் தாமதம் என்று தெரிந்தது. நேர அட்டவணையில் இல்லாத ஐந்து நிமிடம்.

வீட்டுக்கு வீடு வந்த செம்புகளைப் பெரிய கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாலிலிருந்து ஆவி எழுந்தது. கடைசியாக ஒரு மெலிந்த பெண் ஒரு செம்பு கொண்டு வந்தார். ராக்கு என்று கூப்பிட்டார்கள். அவர் செம்பைச் சாய்த்தபோது, பால் நீல நிறமாக, தண்ணீர் போல விழுந்தது.

கையேட்டு மனிதன் நான். கண்ணில் பட்டதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தண்ணி கலந்திருக்கா?"

"ஐயோ, இல்லீங்க!" என்றார் ராக்கு. "மாட்டுக்கு வயசாயிருச்சுங்க."

"அது கறவையே அப்படித்தாங்க," என்றார் செபஸ்தியம்மா. "ராக்கு வீட்டுப் பால தனியாக் கொண்டுபோனா, எறத்தோட்டையில பால் கெட்டியான்னு பாக்குற அந்தக் குழாய விட்டுப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருவாங்க. எங்க வீட்டு மாடு, கீழ் வீட்டு மாடு ரெண்டும் கெட்டிப் பால். சேந்து ஒரே கேன்ல விழுந்துட்டா பாஸாயிரும்."

"உங்க பால் தனியா இருந்தா உங்களுக்குக் கூடுதலா கிடைக்குமே?"

"கெடைக்கும். போன வருசம் எங்க மாடு சினையா நின்னப்ப எனக்கு யாரு ஊத்துனா? ராக்குதான் ஊத்துனா." மூடியை வாழையிலை வைத்து இறுக்கி அடித்தார். "கேனு ஒண்ணு ஐயா. கேனைத்தான் அளக்கணும். செம்பு செம்பா அளந்தா யாரு வீட்டுலயும் மாடு நிக்காது."

அப்படியே பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் அத்தியாயம், ஏழாம் பந்தி. கையேட்டில் சொல்லியிருப்பதை இந்தப் பெண்மணி ஒரு கேனை வைத்துச் சொல்லிவிட்டார். நான் செம்பு செம்பாக அளந்து, சிவப்புக் கோடும் போட்டிருந்தேன்.

அடுத்த வளைவில் பஸ் குலுங்கியது. மூடியையும் மீறிப் பால் கொஞ்சம் சிந்தி, இருக்கைகளுக்கு அடியில் ஓடியது. ஒன்பது மணிக்கு அதே தரையில் கண்டிக்காரர்கள் சப்பாத்து வைக்கப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு கேள்வி மட்டும்

ஏழாம் பந்தியைக் காட்டி, என் அறிக்கை தவறு என்று எழுதலாம். எழுதினால், தவறைத் திருத்தி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மீண்டும் கட்டளை வரும். அதுவும் சீக்கிரம் வரும். தலைமையகம் முடிவுகளுக்குச் சுறுசுறுப்பாகப் பதில் போடும். கேள்விகளுக்குத்தான் போடாது.

அதே அத்தியாயத்தில் பதினோராம் பந்தி இருக்கிறது: "மேற்கூறிய விதிகளின் பொருளில் ஐயம் எழுந்தால் தலைமையகத்தின் விளக்கத்தைக் கோர வேண்டும். எழுத்துமூலப் பதில் கிடைக்கும்வரை நிலவும் நடைமுறையே தொடரும்."

திங்கட்கிழமை காலை, நல்ல சிங்களத்தில், ஒரே ஒரு கேள்வி எழுதினேன். ஏழாம் பந்தியின்படி பல்லேகம ஓட்டமும் கண்டி ஓட்டமும் ஒரே சேவை. ஆகவே பல்லேகமவை நிறுத்தினால், அதே சேவையின் பகுதியான கண்டி ஓட்டங்களையும் நிறுத்த வேண்டுமா? விளக்கம் தருக. அதுவரை பதினோராம் பந்தியின்படி நடந்துகொள்கிறோம்.

அத்தியட்சகர் ரத்நாயக்க கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை வாசித்தார். கேகாலைப் பக்கத்து மனிதர். எதையும் சிரிக்காமல் கேட்பார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"இதுக்கு எந்தப் பிரிவு பதில் சொல்லணும்?"

"இயக்கப் பிரிவு, சேர். நிதிப் பிரிவு சம்மதிக்கணும். விதிக்குப் பொருள் சொல்றதால சட்டப் பிரிவும் பார்க்கணும்."

"மூணு பேரும் ஒத்துப்போவாங்களா?"

"நான் உத்தியோகத்தில சேர்ந்த பிறகு ஒத்துப்போனதில்ல, சேர்."

"போன மாதம் நீங்களே அனுப்பின அறிக்கை இதுக்கு நேர் எதிரா இருக்கே."

"ஆமா, சேர்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். "பதிவுத் தபால்ல அனுப்புங்க. போய்ச் சேரணும், அது முக்கியம்."

முதலாம் திகதி வந்தது. பஸ்ஸும் வந்தது.

இன்னும் இல்லை

செபஸ்தியம்மா மாதத்துக்கு ஒருமுறை டிப்போவுக்கு வருவார். கேன் ஏற்றுவதற்கு ஒரு பொதி அனுமதிச் சீட்டு; அதைப் புதுப்பிக்க வேண்டும். வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"பதில் வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லை."

"மாதாவே," என்று சிலுவையைத் தொட்டுக்கொண்டு போவார். பதில் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களைத்தான் அந்த அறையில் நான் பார்த்திருக்கிறேன். வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவர் இவர் ஒருவர். ஒவ்வொரு காலையும் தபால் பையை அவிழ்க்கும்போது என் கையும் கொஞ்சம் மெதுவாகத்தான் அவிழ்க்கும்.

தலைமையகம் கண்டுபிடிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். மாதாந்த அறிக்கையில் நான் இப்போது விதிப்படி எழுதினேன்: பதினான்காம் இலக்கக் கடமை, ஒரு சேவை. பல்லேகம என்ற சொல்லே கிடையாது. பொய் ஒன்றும் இல்லை. முன்னர் தேவைக்கு மேல் உண்மை எழுதியவன், இப்போது தேவையான அளவு எழுதினேன்.

முறைப்பாடு மட்டும் வந்தது. கண்டியில் ஒரு கந்தோரில் வேலை பார்த்த கனவான் ஒருவர், "உங்கள் ஒன்பது மணி பஸ்ஸில் புளித்த பால் நாறுகிறது. நான் பஸ்ஸுக்குத்தான் பணம் கொடுக்கிறேன், மாட்டுத் தொழுவத்துக்கு அல்ல" என்று எழுதியிருந்தார். அவர் எதற்கெல்லாம் பணம் கொடுக்கிறார் என்று விளக்க எனக்குக் கை துடித்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தரையைத் தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். வாசனை போகவில்லை; தேசிக்காயும் சேர்ந்துகொண்டது.

பிறகு எண்பத்து மூன்றின் அந்த ஜூலை வந்தது. மாத்தளைக் கடைத்தெரு எரிந்தது. நான் பத்து நாள் டிப்போவுக்குப் போகவில்லை. எங்கே இருந்தேன் என்பது வேறொரு கதை. ஏழு வீட்டுப் பாலையும் சாக்கடைக் கானில் ஊற்றினோம் என்று செபஸ்தியம்மா பின்னர் சொன்னார். கான் முழுக்க வெள்ளையாக ஓடியதாம். திரும்பி வந்த அன்று, என் மேசைமேல் தபால் குவிந்திருந்தது. முதலில் அதைத்தான் புரட்டினேன். பதில் இல்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசி வருடங்களில் வேறொரு பயம்: சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி. டிப்போ வாசலில் யாரோ ஒட்டிய காகிதம், பஸ் ஓடினால் எரியும் என்று சொன்னது. சில பஸ்கள் எரிந்தன. ஒரு கிழமை முழுக்கப் பதினான்காம் இலக்கம் பல்லேகமவிலேயே நின்றது. தெரிந்த முகங்கள் சில அந்த நாட்களுக்குப் பிறகு பஸ்ஸில் ஏறவே இல்லை. அவர்கள் எங்கே என்று நிமல் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலை பஸ் இறங்கி வந்தது, மிளகாய் மூட்டையும் பால் கேனுமாக.

கண்டி ஓட்டங்கள் மெலிந்துகொண்டே போயின. தனியார் பஸ்கள் பத்து இருபதாகின. ராக்கு வீட்டுப் பாலுக்கு ஈடுகொடுக்கக் கண்டியின் கெட்டிப் பால் போதாத நிலை. நிமல் முணுமுணுப்பான். ஆனாலும் பல்லேகமவில் அதற்குள் அவன் ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டிருந்தான். படி குறைந்தாலும் வீட்டுக்குப் போகும் பஸ் அது. விதியில் இல்லாத மானியங்களும் உண்டு.

தபால் பை

அதன்பின் சபையே கலைந்தது. டிப்போக்கள் கம்பனிகளாகின. எங்களுக்கும் பங்குப் பத்திரம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பெயர்ப்பலகை மாறியது, மேசையும் கையேடும் மாறவில்லை. அது பழைய கையேடு, செல்லுபடியாகுமா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நானும் விளக்கம் கோரவில்லை.

ஒரு காலை, நீண்ட விடுமுறைக்குப் பின், தபால் பையிலிருந்து பழுப்பு உறை ஒன்று விழுந்தது. கலைக்கப்பட்ட சபையின் பெயரைப் பேனையால் வெட்டி, புதிய பெயரை மேலே எழுதியிருந்தார்கள். என் கடிதத்தின் இலக்கம் அதில் இருந்தது. பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அன்று செபஸ்தியம்மா வரும் நாள்.

பிரித்தேன். மூன்று கையெழுத்துகள், மூன்று பிரிவுகள். ஒத்துப்போயிருந்தார்கள்.

"பல்லேகம சேவை ஏற்கனவே நிறுத்தப்பட்டுவிட்டதாக எமது பதிவேடுகள் காட்டுவதால், தங்கள் கேள்வி எழவில்லை. இத்துடன் இக்கோவை மூடப்படுகிறது."

ரத்நாயக்கவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓய்வுபெற அவருக்கு ஒரு மாதம் இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹோர்ன் அடித்தது. எட்டேகால். பதினான்காம் இலக்கம் உள்ளே திரும்பியது. புளித்த பால் வாசனை யன்னல் வழியாக வந்தது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார்.

"ஓடாத பஸ்ஸ நாங்க எப்படி சேர் நிறுத்துறது?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

செபஸ்தியம்மா வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். கேன் மட்டும் அதே கேன், பக்கவாட்டில் ஒரு நசுக்கலோடு.

"பதில் வந்துருச்சுங்களா?"

"வந்துட்டுது."

கேனைத் தரையில் வைத்தார். மேசைமேல் வைக்கவில்லை. "சொல்லுங்க."

சொன்னேன். முதலில் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"அப்ப பஸ் ஓடுமாங்க?"

"அது ஓடுறது கொழும்பில யாருக்கும் தெரியாது. அதனால ஓடும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் பேனையை மூடி வைத்தேன்.

"ஒன்று சொல்லணும்மா. அன்றைக்கு உங்க பஸ்ஸில நட்டம்னு எழுதி அனுப்பினது நான்தான்."

"தெரியுங்க."

"எப்படி?"

"செவப்பு மை. செவப்புக் கோடு போட்டு, ரெண்டு பக்கம் எழுதுனதும் ஐயாதான்னு நிமலும் அப்பவே சொன்னாரு. அதனாலதானே ஐயா மேசையில கொண்டாந்து கேன வச்சேன்? எழுதுன ஆளுக்குத்தானே எங்க பிசகுச்சுன்னு தெரியும்." சீலைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு அந்தக் கடுதாசிக்குப் பதில் போடுவீங்களா?"

"போட மாட்டேன்."

"ரெண்டு பக்கம் எழுத மாட்டீங்களே?"

"ஒரு வரிகூட இல்லை."

அனுமதிச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தேன். வெளியே நிமல் கண்டிக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தான். எதிரே தனியார் பஸ்காரன் அவனைவிடச் சத்தமாகக் கூவினான்.

கையேட்டை எடுத்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் பால் வட்டம் மஞ்சளாகிப் போயிருந்தது. கடிதத்தைக் கோவையில் போடாமல் அங்கே மறைத்து வைப்பதற்கு முன், பெறப்பட்ட எந்தக் கடிதத்திலும் திகதி முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. முத்திரை விடுமுறைக்கு முந்தின நாளிலேயே நின்றிருந்தது. சக்கரத்தைத் திருப்பி, மையில் தோய்த்து, குத்தினேன்: சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து கந்தோர் திறந்த செவ்வாய்க்கிழமை.